அரிசி, பருப்பை ஆக்சிஜன் அப்சார்பர் போட்டுக் கட்டி வைப்பது எப்படி

எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஆறு சிப்பம் அரிசி ஆகும். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாமனார் வீட்டில் நெல்லை அரைத்து மொத்தமாக ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஊரில் பத்தாயம் இருந்தது, நெல்லாகவே கிடந்தது, வேண்டும்போது அரைத்துக்கொண்டார்கள். சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் அரிசியாக வந்து இறங்கினால், ஆடி மாதம் பிறக்கும்போது டப்பாவைத் திறந்தவுடன் கருப்பாக ஓடும். வேப்பிலை போட்டோம், வசம்பு போட்டோம், வரமிளகாய் போட்டோம். ஓரளவு தள்ளிப்போடலாம், தடுக்க முடிவதில்லை. இப்போது நான்கு வருடமாக அலுமினியத் தாள் ஒட்டிய மைலார் (பாலியஸ்டர் வகை பிளாஸ்டிக்) கவரில் ஆக்சிஜன் அப்சார்பர் போட்டுக் கட்டி வைக்கிறேன். முதல் வருடம் நிறையத் தப்பு செய்தேன், பாதி கவர் வீணானது. அதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். அப்சார்பர் என்கிற அந்தச் சின்ன பாக்கெட் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: மூடிய பைக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிடுகிறது. ஈரத்தை எடுக்காது, அழுக்கை எடுக்காது, ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. தானியம் காய்ந்திருப்பதும் பையின் வாய் காற்றுப் புகாமல் ஒட்டியிருப்பதும் உங்கள் கையில் இருக்கிறது, அதில் கோட்டை விட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாக்கெட்டும் சும்மாதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், இரும்புத் தூள். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் அல்லவா, அதையே வேகமாக நடக்க வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் கம்பெனி 1977ல் ‘ஏஜ்லெஸ்’ என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தது. கேக், நொறுக்குத்தீனி பாக்கெட்டுகளில் ‘சாப்பிடாதீர்கள்’ என்று அச்சடித்த சின்னப் பொட்டலம் பார்த்திருப்பீர்கள், அதில் பல இந்த வகைதான். ஒரு கிராம் இரும்பு முழுதாகத் துருப்பிடித்தால் ஏறத்தாழ 300 சிசி (அதாவது 300 மில்லி லிட்டர்) ஆக்சிஜனைப் பிடித்துவிடும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நல்ல பையில் சரியான அளவு பாக்கெட் போட்டால் அது 0.1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மீதி இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன், அது தானியத்தை ஒன்றும் செய்யாது.

சிலிக்கா ஜெல் வேறு, இது வேறு. சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்கிறது, இது ஆக்சிஜனை இழுக்கிறது. இரண்டையும் ஒரே பையில் பக்கத்தில் பக்கத்தில் போடாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கவே கொஞ்சம் ஈரம் வேண்டும், அதை சிலிக்கா ஜெல் உறிஞ்சிவிட்டால் இது பாதியிலேயே நின்றுபோகும்.

ஆக்சிஜனை எடுத்தால் வண்டு எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தெரியும். அரிசி வண்டு வெளியிலிருந்து டப்பாவுக்குள் வருவதைவிட, வாங்கும்போதே அரிசிக்குள் இருந்து வருவதுதான் அதிகம். பெண் வண்டு அரிசியில் ஒரு துளை போட்டு, ஒரு முட்டை வைத்து, அந்தத் துளையைத் தானே மெழுகி மூடிவிடும். வெளியே பார்த்தால் சுத்தமான அரிசி. உள்ளே புழு அரிசியைத் தின்று வளர்ந்து, நம் ஊர்ச் சூட்டில் ஐந்து வாரத்துக்குள் வண்டாக வெளியே வரும். ஒரு வண்டு 300 முட்டை வரை வைக்கும். அதனால்தான் போன மாதம் புடைத்துச் சுத்தம் செய்த அரிசியில் இந்த மாதம் வண்டு வருகிறது. பாசிப்பயறு, தட்டைப்பயறு மாதிரி முழுப் பயறு வாங்கினால் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், மேலே வெள்ளையாகப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை, வயலிலேயே வைத்திருக்கும்.

மூடிய பையில் ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே போய், இரண்டு மூன்று வாரம் அப்படியே நின்றால் வண்டு மட்டுமல்ல, முட்டை, அரிசிக்குள் இருக்கும் புழு, கூட்டுப்புழு எல்லாம் மூச்சடைத்துப் போகும். சூடான ஊரில் பூச்சிக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், குளிர்ந்த இடத்தில் மெதுவாக நடக்கும். மருந்து கிடையாது, வாடை கிடையாது. பாக்கெட் இல்லாமலே கூட இதைச் செய்யலாம். காற்றுப் புகாத பைக்குள் தானியத்தை முட்ட முட்ட நிரப்பிக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் வண்டுகளே ஆக்சிஜனை மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1980களின் கடைசியில் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக மூன்றடுக்குப் பை செய்தது இந்த யோசனையில்தான். நம் பாட்டிமார் குதிரின் வாயை மூடி மண்ணும் சாணமும் பூசியதும் ஏறக்குறைய இதே வேலைதான். அப்சார்பர் போட்டால் வண்டு பெருகித் தின்று தீர்க்கும் வரை காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

இதற்குப் பதிலாகச் சிலர் கடையில் கிடைக்கும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையைத் துணியில் முடிந்து அரிசி மூட்டைக்குள் போடுகிறார்கள். தயவு செய்து வீட்டில் அதைச் செய்யாதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு மூடிய அறையில் தூங்கும் ஆளையே கொன்றுவிடும், குழந்தைகள் போயிருக்கிறார்கள். அது கிடங்குக்கு, பயிற்சி எடுத்தவர்களுக்கு.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். முதல் வேலை காய்ச்சல் பார்ப்பது.

ஊரில் ‘நெல்லு நல்ல காய்ச்சலா இருக்கா’ என்று கேட்பார்களே, அந்தக் காய்ச்சல்தான். இதில்தான் நம்மைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஏமாந்துபோகிறோம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் அரிசியைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாகவே 13, 14 சதவீதத்துக்கு ஏறிவிடும். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லை 17 சதவீத ஈரம் வரை எடுப்பார்கள், அது உடனே மில்லுக்குப் போகிற நெல்லுக்கு, நம் கணக்குக்கு ஆகாது. அமெரிக்காவில் வீட்டுச் சேமிப்புக்கு 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்று சொல்கிறார்கள். நான் 12க்கு மேல் இருந்தால் கட்டுவதில்லை. அரைத்துக் கொடுக்கும் ரைஸ் மில்லில் ஈரம் பார்க்கும் மீட்டர் இருக்கும், ஒரு பிடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மீட்டர் இல்லையென்றால், நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் விழுந்தால் அதற்குக் கீழே என்று மட்டும்தான் தெரியும், அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அப்புறம் பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். நல்ல காய்ச்சலில் இருக்கிற அரிசி கடுக்கென்று இரண்டாக உடையும், ஈரம் இருந்தால் முதலில் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் உடையும். மாமியார் இதை ஒரு தடவை கடித்தே சொல்லிவிடுவார். எனக்குப் பழக ஒரு வருடம் ஆனது, மில் மீட்டரில் பார்த்த அரிசியையும் பார்க்காத அரிசியையும் மாற்றி மாற்றிக் கடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

காயவில்லை என்றால் காய வையுங்கள், ஆனால் அரிசியை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் கொட்டாதீர்கள், வெடித்து நொய்யாகிவிடும். நிழலில் துணி விரித்து, மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் பகல் முழுக்க விடுங்கள், நடுநடுவே கையால் கோதிவிடுங்கள். பருப்பு, பயறு, கோதுமை எல்லாம் வெயிலைத் தாங்கும். காய்ந்ததை இறக்கியவுடன் சூடாகவே பையில் போட்டுக் கட்டினால் ஆறும்போது உள்ளே வியர்த்துவிடும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து போட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வந்துவிடும். அதனால் மூடி இறுக்கமாக உள்ள பெரிய எவர்சில்வர் டிரம்மில் கொட்டி, மூடி வைத்து, ஆறிய பிறகு கட்ட வேண்டும். மாசி, பங்குனிதான் இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு வண்டைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும் என்று ஒரு வகைக் கிருமி உண்டு, கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்று பெயர். அது விடுகிற நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது, ஆனால் ஆளைக் கொல்லும். அது வளர நிறைய ஈரம் வேண்டும், காய்ந்த அரிசியில் வளராது. ஆனால் ஈரப்பதமுள்ள பண்டத்தை இந்தப் பையில் போட்டுக் கட்டினால் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அரைகுறையாகக் காய்ந்த காய், வதங்கிய மாதிரி இருக்கிற கருவாடு, எண்ணெய் விட்டுப் பிசைந்த பொடி, தேங்காய்த் துருவல், இவை எதையும் அப்சார்பர் போட்டுக் கட்டாதீர்கள். வெல்லம், புளி, உலர்திராட்சை இவையும் தொட்டால் பிசுபிசுக்கும் பண்டங்கள், நான் போடுவதில்லை. வற்றல், வடகம் போடலாம், ஆனால் கையில் எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

ஈரம் இல்லாவிட்டாலும் எண்ணெய்ச் சத்துள்ள தானியம் வேறொரு தொல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்றவற்றைத் தவிடு எடுக்காமல் வாங்குகிறோம், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, நாளானால் காறல் வாடை வந்துவிடும். ஆக்சிஜனை எடுத்தால் அது வெகுவாகத் தள்ளிப்போகும், ஆனால் நின்றுவிடாது. தீட்டிய வெள்ளை அரிசியைப் போல் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்பார்க்காதீர்கள். நான் கவுனியை ஆறு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் கட்டுகிறேன். கடலை, எள், முந்திரி, கம்பு மாவு, முழுக் கோதுமை மாவு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கோதுமையாகவோ கம்பாகவோ வைத்துவிட்டு அவ்வப்போது அரைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். நிலக்கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்கிற நஞ்சு ஏறியிருந்தால் எந்தப் பாக்கெட்டும் அதை இறக்காது, சுருங்கி நிறம் மாறின பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

சர்க்கரைக்கும் உப்புக்கும் அப்சார்பர் தேவையே இல்லை, அவை ஆக்சிஜனால் கெடுவதில்லை. சர்க்கரையில் போட்டால் கட்டி தட்டி, உலக்கையால் இடிக்க வேண்டிய அளவுக்குப் பாறையாகிவிடும்.

அடுத்தது பை. சாதாரண பிளாஸ்டிக் கவர், ஜிப் லாக் கவர் இரண்டும் ஆகாது, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்சிஜன் அதன் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருக்கும், பாக்கெட் இரண்டு வாரத்தில் நிரம்பிக் கல்லாகிவிடும். எவர்சில்வர் டப்பா என்னதான் இறுக்கமாக இருந்தாலும் மூடிச் சந்தில் காற்று போகும். அலுமினியத் தாள் ஒட்டிய மைலார் கவர்தான் சரி, கையில் பிடித்தால் விறைப்பாக இருக்க வேண்டும், தடிமன் 125 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்குங்கள். மூடி நன்றாக இறுகுகிற கண்ணாடி ஜாடியிலும் போடலாம், ஆனால் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். குடிதண்ணீர், குளிர்பானம் வருகிற பெட் பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவைத்து ஒரு வருடத்துக்குள் தீர்க்கிற பருப்புக்குப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

வாங்கின மைலார் கவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எரியவிட்டு கவருக்குள் வைத்து, வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். மடிப்பு விழுந்த மூலைகளில்தான் அதிகம் இருக்கும்.

எத்தனை பாக்கெட் போடுவது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். கணக்கு இதுதான்: பையின் கொள்ளளவில் தானியம் நிஜமாக அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கழித்தால் மீதி காற்று, அந்தக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். ஒரு கிலோ அரிசி நிஜமாக அடைக்கும் இடம் சுமார் 0.7 லிட்டர்தான், மீதி எல்லாம் அரிசிக்கும் அரிசிக்கும் நடுவில் உள்ள சந்து. 5 கிலோ அரிசியை மேலே கொஞ்சம் இடம் விட்டுப் போட்டால் 7 லிட்டர் பை நிறையும். அரிசி அடைப்பது 3.5 லிட்டர், காற்று 3.5 லிட்டர், அதில் ஆக்சிஜன் ஏறக்குறைய 735 சிசி. அதனால் 1000 சிசி, அதாவது 500 சிசி ஆக்சிஜனை இழுக்கிற பாக்கெட் இரண்டு. கொஞ்சம் கூடுதலாகப் போனால் ஒரு கெடுதலும் இல்லை, குறைந்தால்தான் வேலை கெடும். 1 கிலோ துவரம்பருப்புக்கு 300 சிசி ஒன்று போதும். அவல் விஷயத்தில் கவனம் தேவை, ஒரு கிலோ அவல் மூன்று லிட்டர் பையை நிறைத்துவிடும், அதில் முக்கால்வாசி காற்றுதான், 300 சிசி இரண்டு வேண்டும். சேமியாவும் இப்படித்தான். மாவு, ரவை அடைத்துக்கொள்வதால் உள்ளே உள்ள காற்று மெதுவாகத்தான் பாக்கெட்டுக்கு வந்து சேரும், ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயுமாகப் போடுங்கள்.

பை எவ்வளவு பெரியது என்பதை உங்கள் வீட்டுச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள். திறந்த பை திறந்த பைதான், அதற்கப்புறம் அது சாதாரண அரிசி. எங்களுக்கு 5 கிலோ பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும், அதனால் 5 கிலோதான் கட்டுகிறேன். பருப்பு 1 கிலோ.

கட்டும் அன்று எல்லாவற்றையும் முதலில் தயாராக வைத்துக்கொண்டு, அப்சார்பர் பாக்கெட்டைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். காற்றுப் பட்டவுடன் அது வேலையை ஆரம்பித்துவிடும், இருபது நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடியாக வேண்டும். அதனால் எல்லாப் பைகளிலும் தானியத்தை நிரப்பி, தரையில் தட்டித் தட்டி அமர்த்தி, பை வாயின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு மூலையில் இரண்டு விரல் போகிற இடம் மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒட்டி வரிசையாக நிறுத்துங்கள். வாயில் மாவுத் தூசியோ தவிடோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது, முதல் வருடம் எனக்கு ரவைப் பை மூன்றும் இப்படித்தான் போனது.

ஒட்டுவதற்குத் துணி இஸ்திரிப் பெட்டியே போதும். பிளாஸ்டிக் கவர் ஒட்டும் சின்ன ஹேண்ட் சீலர் தடித்த மைலாருக்குப் பத்தாது, மேலே ஒட்டினது மாதிரி இருக்கும், இழுத்தால் பிரிந்துவிடும். சப்பாத்திப் பலகை மாதிரி வழவழப்பான மரப்பலகையின் ஓரத்தில் பையின் வாயைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, காட்டன் சூட்டில் மூன்று நான்கு எண்ணுவதற்குள் அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். எடுத்தவுடன் இழுத்துப் பார்க்கக் கூடாது, உள்ளே உருகின பிளாஸ்டிக் இறுக ஒரு நிமிடம் ஆகும். ஆறினதும் இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக இழுங்கள், பிரியக் கூடாது. கவர் சுருண்டு கோணினால் சூடு அதிகம், நகத்தால் கீறிப் பிரிக்க முடிந்தால் சூடு குறைவு. நிஜப் பையில் கை வைப்பதற்கு முன் ஒரு வெறும் கவரில் நாலைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள். ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாக ஒட்ட வேண்டும், நான் ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று என்று இரண்டு பட்டை போடுகிறேன்.

இப்போது அப்சார்பர் உறையைத் திறக்கலாம். திறக்கும் முன் அது வெற்றிடமாக, இறுக ஒட்டினமாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சின்னதாக ஒரு வட்ட மாத்திரை இருந்தால் அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், ஊதாவாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் காற்று நுழைந்திருக்கிறது. எனக்கு ஒரு தடவை ஆன்லைனில் வாங்கிய உறை தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வந்தது, விலை குறைவாக இருக்கிறதே என்று அதையே போட்டுக் கட்டினேன், ஒரு பைகூட இழுக்கவில்லை. நல்ல பாக்கெட்டைத் தொட்டால் உள்ளே தூள் மாவு மாதிரி நகரும், கொஞ்ச நேரத்தில் கையில் இளஞ்சூடாகும். செத்துப்போனது ஓடு மாதிரி இறுகி இருக்கும்.

தேவையான எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, மீதியை உடனே ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் போட்டு, காலி இடத்தை அரிசியால் நிரப்பி, இறுக மூடிவிடுங்கள். உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது, ஒருவர் போட்டுக்கொண்டே போக ஒருவர் ஒட்டிக்கொண்டே வரலாம். திறந்து விட்ட மூலை வழியாகப் பாக்கெட்டைப் போட்டு, பையின் மேல்பகுதியை உள்ளங்கையால் அழுத்திக் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, மூலையை ஒட்டுங்கள். பாக்கெட்டைக் கிழித்து உள்ளே இருக்கும் தூளைக் கொட்டிவிடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள்.

மறுநாள் காலையில் பாருங்கள். அரிசிப் பை என்றால் கவர் உள்வாங்கி, ஒவ்வொரு அரிசியும் மேலே புடைத்துத் தெரிய, பை செங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். முதல்முறை அதைத் தட்டிப் பார்த்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது, அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. சில பை இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அப்சார்பர் எடுப்பது காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத்தான், அதனால் மேலே நிறைய இடம் விட்ட பை நன்றாக வேலை நடந்திருந்தாலும் தளர்வாகவே இருக்கலாம். ஒரே நாளில் ஒரே மாதிரி கட்டின பைகளில் ஒன்று மட்டும் லொடலொடவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் பிடித்து அழுத்தினால் ஒட்டு விட்ட இடத்தில் குமிழி வரும். அதைப் பிரித்து, புதுப் பையில் புதுப் பாக்கெட் போட்டுக் கட்டுங்கள்.

பை மேல் அழியாத மார்க்கரால் என்ன பண்டம், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எத்தனை சிசி போட்டது என்று எழுதுங்கள். மைலாரை எலி ஒரே கடியில் துளைத்துவிடும், அதனால் பைகளைத் தகர டிரம்மிலோ தடித்த பிளாஸ்டிக் டிரம்மிலோ அடுக்கி வைக்க வேண்டும். காம்புள்ள வரமிளகாய், கூரான வற்றல் இவற்றை முதலில் ஒரு காகித உறையில் போட்டு அப்புறம் மைலாரில் போடுங்கள், இல்லையென்றால் பை உள்வாங்கும்போது குத்திவிடும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மார்மன் என்கிற கிறிஸ்தவ சபைக் குடும்பங்கள் தலைமுறையாக இப்படிச் சேமித்து வைப்பவர்கள். அங்கே உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பழைய அரிசி, ஓட்ஸ் எல்லாம் சமைத்துச் சாப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள், வெள்ளை அரிசியும் கோதுமையும் 30 வருடம் தாங்கும் என்கிற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அது குளுமையான, ஈரமில்லாத இடத்துக்கான கணக்கு. நம் ஊரில் வெயிற்காலத்தில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி அடிக்கும்போது 30 வருடத்தை நினைக்கவே வேண்டாம். சூடு ஏற ஏற ஆயுள் வேகமாகக் குறையும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள லாஃப்டில் வைக்காதீர்கள், கான்கிரீட் சூடு அப்படியே இறங்கும். அடுப்புப் பக்கம் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம், வெள்ளை அரிசியை இரண்டு மூன்று வருடத்துக்குள்ளும் பருப்பை ஒன்றரை வருடத்துக்குள்ளும் எடுத்துத் தீர்த்துவிடுகிறோம். பழைய தேதி முன்னால், புதுசு பின்னால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நான்கு நாள் தெருவில் தண்ணீர் நின்றபோது கீழ்த்தளத்து வீட்டுக்கும் சேர்த்து இந்தப் பைகளைத்தான் பிரித்தோம்.

பையைத் திறக்கும்போது காற்று உள்ளே போகிற சின்ன உஸ்ஸ் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் உடனே பயப்பட வேண்டாம், முகர்ந்து பாருங்கள். மக்கல் வாடை, புளிச்ச வாடை வந்தாலோ, கையில் எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கழுவி வெயிலில் போட்டுச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள். நன்றாக இருந்தால் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். உள்ளே இருந்த பாக்கெட் இன்னும் தூளாக நகர்ந்தால்கூட மறுபடி பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போட்டுவிடுங்கள். ஒரு வருடம் தாண்டின துவரம்பருப்பும் முழுப்பயறும் சூட்டில் இருந்ததால் வேக அடம்பிடிக்கும், இரண்டு மணி நேரம் கூடுதலாக ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில் அதிகம் விடுங்கள், கரைந்துவிடும்.